அரசன் குத்தகைக்கு விட்ட கடல்

சட்டத்தின் அனுமதியோடு நடந்த ஒரு களவை, அதைச் செய்தவரின் வழிவந்த எழுபது வயதுப் பெண்மணியிடம், அவர் ஊற்றித் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டே களவு என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? எழுபதுகளின் நடுவில், ஓர் இலையுதிர் காலத்தின் ஆறு நாட்களை இந்தக் கேள்வியோடுதான் ரொறன்ரோவில் கழித்தேன்.

அந்த நாட்களில் நான் வரலாற்றில் பட்டம் பெற்று, வடமராட்சிக் கரையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் எழுதுநராக இருந்தேன். மூன்று வாரப் பயிற்சிக்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டிருந்தேன். பயிற்சி முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் கிடைத்த ஆறு நாட்களுக்குச் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் குடியிருந்த பெரியம்மாவின் மகன் சிவம் அண்ணையின் வீட்டுக்குப் போனேன்.

அக்காலத்தில் அந்த மாடிக் கட்டடங்களில் தமிழ்க் குடும்பங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மின்தூக்கியில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் இறங்கவேண்டிய மாடி கடந்துபோய்விடும். பிறகு இருவருமாக மேலே போய்த் திரும்பவும் கீழே வருவோம். அந்த வீட்டுக் கண்ணாடிச் சன்னலில் பாதி எழும்பி நின்ற உயரக் கோபுரமும், அதற்கு அப்பால் தகடு போல ஏரியும் தெரியும். கடல் என்றே சொல்லலாம். ஆனால் உப்பு மணக்காத கடல். முதல் நாள் அதைப் பார்த்தபோது யாரோ கறியில் உப்புப் போட மறந்ததுபோல எனக்கு ஒரு குறை தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு அண்ணையின் மனைவியான மச்சாள் கோதுமை மாவில் இடியப்பம் அவித்திருந்தார். சொதிக்குத் தேங்காய்ப் பாலுக்குப் பதிலாகப் பெட்டிப் பாலும், உலர்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்ததும் கலந்திருந்தன. நான் பெட்டியில் கொண்டுவந்த மிளகாய்த்தூளை மச்சாள் பொன்னைப்போல அரைக் கரண்டி மட்டும் எடுத்தார்.

அப்போதுதான் அண்ணை விடயத்தைத் தொடங்கினார்.

"பிள்ளை, நாளைக்கு உனக்கொரு வேலை இருக்கு. ஓலை வாசிக்கிற வேலை."

"ஆற்றை ஓலை அண்ணை?"

"மிஸ் வில்மோட் எண்டு ஒரு மனுசி. எங்கடை ஒஃபிசிலை இருந்து ஓய்வு பெற்றவ. அவவின்ரை வீட்டுச் சுவரிலை ஒரு ஓலைக்கட்டு தொங்குது. என்ர தங்கச்சி எந்த ஓலையெண்டாலும் தண்ணி மாதிரி வாசிப்பாள் எண்டு சொல்லிப்போட்டன்."

"நான் கம்பசிலை ஒரு வருஷம்தானே ஓலை பாத்தனான்!"

"அது காணும். பிழையா வாசிச்சாலும் இஞ்சை ஆருக்குத் தெரியப்போகுது?"

"இவர் உப்பிடித்தான்," என்றார் மச்சாள். "போன மாசம் எனக்குப் பரதநாட்டியம் தெரியுமெண்டு அளந்துபோட்டு வந்தவர். நான் படிச்சது தையல்."

அண்ணை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒன்றைச் சொன்னார். அவர் இந்நாட்டுக்கு வந்த புதிதில் பொறியியல் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எட்டு மாதம் வேலை தேடி அலைந்தவர். ஒஷாவாவில் ஒரு கார்த் தொழிற்சாலையின் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்த மிஸ் வில்மோட்தான் அவருடைய விண்ணப்பத்தைக் குப்பைக் கூடையில் இருந்து எடுத்து, மேலாளரின் மேசையில் வைத்து, இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்றாராம்.

"அவ கேட்டு நான் மாட்டன் எண்டு சொல்லேலாது பிள்ளை. விளங்குதோ?"

விளங்கியது.

மறுநாள் மிஸ் வில்மோட்டின் வீடு இருந்த விட்பிக்குப் போனேன். பச்சை நிற ரயில் அக்காலத்தில் அவ்வளவு தூரம் ஓடாது. இடையில் இறங்கிப் பஸ் பிடிக்கவேண்டும். பஸ்ஸின் வெப்பத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது புகைபோக்கிகள் தெரிந்தன. அது ஒஷாவா. பக்கத்தில் மடியில் ஒரு முட்டைக்கோசோடு அமர்ந்திருந்த பருத்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தே நடந்ததைக் கண்டுகொண்டார். சாரதியிடம் போய், "இந்தப் பிள்ளை தூங்கிவிட்டது. நீ எழுப்பியிருக்கவேண்டும். திரும்பிப் போகையில் காசு கேட்காதே," என்று உடைந்த ஆங்கிலத்தில் உத்தரவிட்டார். "நான் என்ன தாலாட்டா பாடினேன்?" என்றார் சாரதி. ஆனாலும் காசு கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பஸ்ஸாக இருந்தால் நடத்துநர் என்னை எழுப்பியிருப்பார். காசும் கேட்டிருப்பார்.

மிஸ் வில்மோட் வாசலிலேயே நின்றிருந்தார். ஒல்லியான, நிமிர்ந்த உடல். கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டப்பட்டிருந்தன. ஒன்றரை மணி நேரம் தாமதித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்டபோது, "ஒஷாவாவா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே அழைத்துச் சென்றார்.

கூடத்தின் சுவரில் ஒரு கப்பல் தலைவரின் உருவப்படம். கீழே ஒரு மரப்பெட்டி. படத்துக்குப் பக்கத்தில் ஓலைக்கட்டை விசிறி போல விரித்து, ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஓலைகளின் ஒரு முனைத் துளையில் கயிறு இருந்ததால், இது கீழைநாட்டு அரசகுமாரியின் விசிறி என்று ஐந்து தலைமுறை நம்பியிருக்கிறது. சிறுமியாக இருந்தபோது மிஸ் வில்மோட் ஒரு வெயிற்காலத்தில் அதைக்கொண்டு விசிறியும் பார்த்தாராம். "காற்றே வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம்," என்றார்.

படத்தில் இருந்தவர் அவருடைய பாட்டனின் பாட்டன். ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்த கடைசிக் காலத்தில், ஆங்கிலேயருக்கும் அவர்களுக்கும் போர் மூண்டபோது, வங்கக் கடலில் சொந்தக் கப்பலோடு திரிந்தவர். அவர் கடற்படை வீரர் அல்லர். ஆங்கில அரசனின் முத்திரை பதித்த அனுமதிப் பத்திரம் ஒன்றை வாங்கி, பகைநாட்டாரின் சரக்குக் கப்பல்களைத் தம் சொந்தச் செலவில் பிடித்து விற்ற தனியார். அந்த வருமானத்தில் ஏரிக்கரையில் நிலம் வாங்கிக் குடியேறினார். விற்று விற்று எஞ்சிய துண்டு நிலத்தில்தான் அந்த வீடு நின்றது.

"பள்ளிக்கூடத்தில் என்னைக் கடற்கொள்ளைக்காரனின் குட்டி என்பார்கள். நான் அடித்துவிட்டு வருவேன்," என்றார் மிஸ் வில்மோட். "அவரிடம் பத்திரம் இருந்தது. நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தது. என் வாழ்க்கை முழுவதும் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை ஊர் அரும்பொருட்கூடத்தில் அவர் பெயரில் ஓர் அறை திறக்கிறார்கள். இந்தப் பெட்டியையும் படத்தையும் அதற்குக் கொடுக்கப்போகிறேன். விசிறிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை வைக்கவேண்டும். அதில் பொய் எழுதக்கூடாது. அது என்னவென்று சொல்லுங்கள். முடிந்தால், அவர் நேர்மையான மனிதர்தானா என்றும் சொல்லுங்கள்."

பெட்டியில் இருந்த அனுமதிப் பத்திரத்தின் பிரதியையும், தலைவர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலத்தையும், கடல் வழக்கு நீதிமன்றத்தின் தீர்ப்பையும் வாசித்து என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். பிடிபட்டது ஒரு சிறிய தோணி. யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சொந்தமானது. ஆகவே ஒல்லாந்தக் குடிகளின் சொத்து. தோணியில் காகிதம் எதுவும் கிடைக்கவில்லை. தோணி தப்பியோட முயலவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை. பகைவர் பொருள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

ஓலைக்கட்டை ஒரு தலையணை உறையில் சுற்றி என்னிடமே தந்துவிட்டார். இரசீது கேட்கவில்லை. "உங்கள் அண்ணனுக்கு நான் பொறுப்பு நின்றேன். உங்களுக்கும் நிற்கலாம்," என்றார்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நகரத்தின் பெரிய நூலகத்தில் இருந்தேன். அங்கே யார் என்றும் கேட்காமல், எந்தப் படிப்பு என்றும் கேட்காமல், கேட்ட நூல்களையெல்லாம் தள்ளுவண்டியில் கொண்டுவந்து தந்தார்கள். ஊரில் ஒரு பழைய நூலைப் பார்க்க மூன்று கடிதமும் ஒரு சிபாரிசும் வேண்டும். இவ்வளவு எளிதாகக் கிடைத்த அறிவு எனக்கு ஒருவிதக் கூச்சத்தையே தந்தது.

அன்று படித்தவை இன்றும் நினைவில் இருக்கின்றன. ஐரோப்பிய அரசுகளுக்குப் போர் இருந்தது. போதிய கப்பல் இல்லை. வணிகரிடம் கப்பல் இருந்தது; போரிட உரிமை இல்லை. இரண்டையும் இணைத்தது ஒரு காகிதம். அதை வாங்குபவர் ஒழுங்காக நடப்பேன் என்று பிணை கட்டவேண்டும். பிடித்த கப்பலின் சரக்கைத் தொடாமல், கீழ்த்தளக் கதவுகளை முத்திரையிட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரவேண்டும். கப்பலில் கிடைத்த ஒவ்வொரு காகிதத்தையும் ஒன்றும் குறையாமல் ஒப்படைக்கவேண்டும். நட்புநாட்டின் பொருளா, பகைநாட்டின் பொருளா என்பதைத் தீர்மானிப்பவை அந்தக் காகிதங்கள்தாம். தீர்ப்புக் கிடைத்த பிறகே பங்கு. மாலுமிகளுக்குச் சம்பளம் இல்லை, பிடித்தால்தான் சோறு. கரையில் இருந்த மருத்துவரும் மதகுருவும் விதவையும்கூடப் பங்கு வாங்கியிருக்கிறார்கள். துறைமுகப் பட்டினங்கள் முழுவதுமே போர் நீடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த காலங்கள் உண்டு. சமாதானம் வந்தால் பத்திரம் செல்லாது. பழகிய கை சும்மா இருக்காது. அதே மனிதர் அதே கப்பலில் அதே வேலையைச் செய்வார், இம்முறை தூக்குமரம். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஒல்லாந்தர் என்று எல்லாரும் இதைச் செய்தார்கள். அமெரிக்கரோடு போர் நடந்தபோது நோவா ஸ்கோஷியாத் துறைகளில் இருந்தும் இத்தகைய கப்பல்கள் புறப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸில் கூடிய அரசுகள்தாம் இந்த முறையை ஒழிக்க உடன்பட்டன.

மாலையில் அண்ணையிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப மீன் சந்தையைக் குத்தகைக்கு விடுற மாதிரிக் கடலை விட்டிருக்கிறாங்கள்," என்றார்.

"கடலை இல்லை அண்ணை, போரை."

"ரெண்டும் ஒண்டுதான். குத்தகைக்காரனுக்குக் காசு வரவேணும், மீன் அழுகினாலென்ன? அப்ப மிஸ் வில்மோட்டின்ரை ஆள், லைசன்ஸ் வைச்ச கள்ளர்."

"உதை அவவுக்கு முன்னாலை சொல்லிப்போடாதேங்கோ," என்றார் மச்சாள்.

அன்று இரவே மிஸ் வில்மோட்டுக்குத் தொலைபேசினேன். பத்திரம் ஒழுங்கானது, வழக்கு முறைப்படி நடந்திருக்கிறது, யாழ்ப்பாணத்துத் தோணி அக்காலச் சட்டப்படி பகைவர் தோணிதான், உங்கள் முன்னோர் சட்டத்தை மீறவில்லை என்றேன். இந்தச் சட்டம் நியாயமானதா என்பது வேறு கேள்வி என்றும் சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் மறுமுனையில் அவர் நீண்ட மூச்சொன்று விட்டார். அதைக் கேட்டபிறகு சொல்லவில்லை. ஓலையை வாசிப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்ற உறுத்தல் மட்டும் சற்று இருந்தது.

புதன்கிழமை ஓலையை மேசையில் பரப்பினோம். எழுத்தாணியால் கீறிய எழுத்துகள் காலத்தில் வெளுத்து, ஓலையின் நிறத்தோடு ஒன்றிப் போயிருந்தன. கரியும் எண்ணெயும் பூசித் துடைத்தால்தான் எழுத்துத் தெரியும். பதினான்காம் மாடியில் கரிக்கு எங்கே போவது?

"கண்மை சரிவருமோ?" என்று கேட்டார் மச்சாள். அவருடைய தாயார் விளக்குப் புகையில் கூட்டி, சின்ன டப்பியில் அடைத்து அனுப்பியது. மச்சாள் அதை விசேட நாட்களில் மட்டும் இடுவார். நல்லெண்ணெயில் குழைத்து, பஞ்சால் ஒற்றி, மெல்லத் துடைத்தேன். முதலில் ஒரு சுழி எழும்பியது. பிறகு ஒரு கொம்பு. பிறகு ஒரு வரி முழுவதும் கருத்துக்கொண்டு வந்தது. மச்சாள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கடை எழுத்தெல்லோ!" என்றார். அந்த வார்த்தையில் இருந்த வியப்பை நான் பிறகு எந்த ஆய்வு நூலிலும் கண்டதில்லை.

புள்ளி இல்லாத எழுத்துகள். ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதும் தெரியாது. தண்ணீர்போல வாசிக்க முடியவில்லை, கல்லுடைப்பதுபோலத்தான் வாசித்தேன். மாலை விளக்குப் போடும் நேரத்தில் பொருள் முழுவதும் கையில் இருந்தது. அது தோணியின் சொந்தக்காரர் தண்டலுக்கு எழுதிக் கொடுத்த கட்டளை. தண்டல் என்பவர் தோணியை நடத்தும் தலைவர். அவர் பெயர் சின்னத்தம்பி. புகையிலைச் சிப்பம் இத்தனை, கூரைக்குப் பனை வளை இத்தனை, சங்கு இத்தனை என்ற விவரத்துக்குப் பிறகு நான்கு வரிகள் இருந்தன. நாகபட்டினத்து ஆங்கிலக் கும்பினி அதிகாரியிடம், தோணியைத் தடையின்றி விடும்படி பாசு எனும் அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கிறது; அது மூங்கிற் குழலில் இருக்கிறது; ஆங்கிலக் கப்பல் எதிர்ப்பட்டால் பயந்து ஓடவேண்டாம், பாயை இறக்கி நின்று குழலைக் கொடுக்கவும் என்பது அந்த வரிகளின் சாரம். கடைசியில், வாடைக் காற்றுத் தொடங்குமுன் திரும்பும்படியும், வரும்போது வீட்டுக்கு இரண்டு புடவை வாங்கும்படியும் எழுதியிருந்தது.

குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஆங்கிலக் கப்பல் தலைவரின் வாக்குமூலத்தை மீண்டும் பார்த்தேன். தோணி தப்பியோட முயலவில்லை. காகிதம் எதுவும் கிடைக்கவில்லை.

முதலாவது வாக்கியம் உண்மை. சின்னத்தம்பி சொன்னபடியே நின்றிருக்கிறார். இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்கமுடியாது. அதற்குச் சாட்சி என் கைக்குக் கீழே எண்ணெய் மினுங்கக் கிடந்தது. தோணியில் இருந்த எழுத்தெல்லாம் நீதிமன்றத்துக்குப் போயிருக்கவேண்டும். இது போகவில்லை. பெட்டிக்குள் போயிருக்கிறது. அந்தப் பாசு போன இடம் யாருக்கும் தெரியாது.

அண்ணை வேலையில் இருந்து வந்ததும் சொன்னேன். அவர் காலணியைக் கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"வடிவாப் பாத்தியோ? பிழையா வாசிச்சிருக்க மாட்டாய்?"

"நாலு தரம் பாத்தனான்."

"விசிறியெண்டு நினைச்சு வைச்சிருப்பாரோ?"

"இருக்கலாம். ஆனா அந்தப் பாசு இங்கிலீசிலைதானே அண்ணை இருந்திருக்கும்?"

அவர் அமர்ந்தார். "நீ ஞாயிற்றுக்கிழமை பிளேனேறிப் போயிடுவாய். நான் திங்கட்கிழமை அதே ஊருக்குள்ளாலை வேலைக்குப் போகவேணும். அந்த ஒஃபிசிலை நான் ஒருத்தன்தான் கறுப்பன். அவ சொன்ன ஒரு சொல்லிலைதான் உள்ளை போனனான்."

"அதுக்காகப் பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?"

"சொல்லச் சொல்லேல்லை. வாசிக்கேலாமல் போச்செண்டு சொல்லலாம். அதுவும் பொய்தான், என்ன?"

மச்சாள் குறுக்கிட்டார். "தண்ணி மாதிரி வாசிப்பாள் எண்டு சொன்னது ஆர்? இப்ப தண்ணி மேலை வந்திட்டுது."

வியாழக்கிழமை மனத்தை ஆறவிடுவதற்காக மச்சாளோடு கென்சிங்டன் சந்தைக்குப் போனேன். போர்த்துக்கேயர் கடைகளில் உப்புக் கருவாடு பலகை போல அடுக்கியிருந்தது. மேற்கிந்தியத் தீவுக் கடையில் தேங்காயைக் காதருகே குலுக்கிப் பார்த்து வாங்கினோம். எங்கள் கரையைப் பிடித்த முதல் ஐரோப்பியரின் வழிவந்தவர் ஒருவர், நண்டின் காலை நூலால் கட்டிக்கொண்டே, "உயிரோடு இருக்கிறது, கையைக் கவனி," என்று மச்சாளிடம் கரிசனையோடு சொன்னார். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே நடந்தால் அந்தச் சந்தையில் ஒரு நண்டுகூட வாங்கமுடியாது. அதை நினைக்காமலே இருந்தால் நான் படித்த வரலாற்றுக்குப் பொருளில்லை. அன்றைய நண்டுக் குழம்பின் சுவை இன்றும் நாவில் நிற்கிறது.

அந்த ஒரு நாளில் விளைவுகளை எத்தனை முறை கூட்டிக் கழித்தேனோ தெரியாது. சொன்னால் சின்னத்தம்பிக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது. மிஸ் வில்மோட்டுக்கு எழுபது ஆண்டுப் பெருமை போகும். அண்ணைக்கு என்ன நேருமோ தெரியாது. சொல்லாவிட்டால் யாருக்கும் எதுவும் நேராது. ஆனால் அட்டையில் பொய் எழுதக்கூடாது என்று அவர் கேட்டிருந்தார். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் விடுவது அவரைக் காப்பது ஆகாது, சிறுபிள்ளை ஆக்குவது என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணை, "இரு, நானும் வாறன்," என்றார். அலுவலகத்துக்குச் சுகயீனம் என்று சொல்லிவிட்டு, தன் பழைய காரில் என்னை ஏற்றினார். வழியில் ஒருமுறை கார் நின்றுபோனது. அவர் இறங்கி, முன்மூடியைத் திறந்து எதையோ தட்டி, கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். "வாசிக்கேலாது எண்டு சொல்லச் சொன்னதை மறந்திடு பிள்ளை," என்றார்.

மிஸ் வில்மோட் தேநீரும் வெண்ணெய் பூசிய சுடுரொட்டியும் வைத்தார். நான் முதலில் செவ்வாய்க்கிழமை அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஓலையின் ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பக்கத்தில் வாக்குமூலத்தை விரித்து வைத்தேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓலையை அவர் விசிறி என்று நினைத்திருக்கலாம்," என்றேன். "பாசு கடலில் விழுந்திருக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது."

"விசிறியைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் நினைத்திருக்கட்டும்," என்றார். "முப்பது வருடம் நான் கடிதம் கோப்பிட்டவள். கோப்பில் இருக்கவேண்டிய கடிதம் ஒருவருடைய வீட்டில் இருந்தால், அதை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடிதத்துக்குக் கால் கிடையாது."

பிறகு சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மேப்பிள் மரம் செம்மஞ்சளாக உதிர்ந்துகொண்டிருந்தது. அண்ணை தேநீர்க் கிண்ணத்தின் பிடியைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார்.

"அந்த ஆட்களுக்கு என்ன நடந்தது?"

"தெரியாது. பொதுவாக அடுத்த துறையில் இறக்கிவிடுவார்கள். ஊருக்கு நடந்து போயிருப்பார்கள், அல்லது வேறு தோணியில் ஏறியிருப்பார்கள்."

"பெயர் என்ன சொன்னீர்கள்?"

"சின்னத்தம்பி."

அவர் சொல்லிப் பார்த்தார். வரவில்லை. மீண்டும் சொல்லித் தரச் சொன்னார். மூன்றாம் முறை அண்ணை, "சின்ன. தம்பி. இரண்டாக உடைத்துச் சொல்லுங்கள்," என்றார். நான்காம் முறை சரியாக வந்தது. அவர் எழுந்து போய்த் தட்டச்சுப் பொறியின் மூடியைக் கழற்றினார்.

சனிக்கிழமை நாங்கள் மூவருமே போனோம். அரும்பொருட்கூடம் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் கீழ்த்தளம். நகரத் தலைவர் வருவார் என்று கூடத்தின் செயலாளர் கழுத்துப்பட்டியைத் திருத்திக்கொண்டு நின்றார். மிஸ் வில்மோட் கண்ணாடிப் பேழையைத் திறந்து, வாக்குமூலத்தையும் ஓலையையும் அருகருகே வைத்தார். இடையில் அவர் தட்டச்சு செய்த அட்டை. அதில் இரண்டே வாக்கியங்கள்: பிடித்த தோணியில் எழுத்து எதுவும் இருக்கவில்லை என்று என் முன்னோர் சத்தியம் செய்தார். இது அந்தத் தோணியில், தண்டல் சின்னத்தம்பியிடம் இருந்தது.

செயலாளர் வாசித்தார். "எடித், இன்னும் அரை மணியில் நாடா வெட்டுகிறார்கள். இதை அடுத்த மாதம் வைக்கலாமே?"

"அடுத்த மாதம் வைப்பதானால் பெட்டியையும் படத்தையும் அடுத்த மாதமே தருகிறேன். நன்கொடைப் பத்திரத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை."

"ஒரு குடும்பக் கதையை இப்படி எல்லார் முன்பும்..."

"ஐந்து தலைமுறை எல்லார் முன்பும்தானே சொன்னோம்?"

செயலாளர் யோசித்தார். ஒரு சமரசம் கண்டார். பேழையைப் படத்துக்குக் கீழே வைக்காமல், வாசலருகே மேலங்கி மாட்டும் கொளுக்கிகளுக்குக் கீழே தள்ளி வைத்தார். கண்ணில் படாத மூலை என்று நினைத்திருப்பார். ஆனால் அன்று குளிர் அதிகம். வந்த ஒவ்வொருவரும் முதலில் அங்கே போய் மேலங்கியைக் கழற்றினார்கள். கழற்றுகையில் குனிந்து வாசித்தார்கள். நகரத் தலைவரும் ஒரு கை மேலங்கிக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்று முழுவதும் வாசித்தார்.

பேச அழைத்தபோது மிஸ் வில்மோட் முன்னே வந்தார். எழுதி வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. "என் பாட்டனின் பாட்டனை நீங்கள் அறிவீர்கள். இன்று இன்னொருவரின் பெயரைச் சொல்லவேண்டும்," என்றார். ஒரு மூச்செடுத்து, இரண்டாக உடைத்து, அந்தப் பெயரைச் சொன்னார். அந்தக் கூட்டத்தில் அது சரியாக இருந்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூவர் மட்டுமே. மச்சாள் என் கையைப் பற்றிக்கொண்டார். அண்ணை மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் நான் புறப்பட்டேன். ஒரு மாதம் கழித்து அண்ணையின் வான்கடிதம் வந்தது. வேலைக்கு ஒரு பாதகமும் இல்லையாம். அலுவலகத்தில் சிலர் வந்து தண்டல் என்றால் என்ன என்று கேட்டார்களாம். தானும் கப்பல் ஓட்டிய பரம்பரை என்று சொல்லி வைத்தாராம். அதற்குக் கீழே மச்சாள் தன் கையெழுத்தில், "அதுவும் பொய்," என்று எழுதியிருந்தார்.

அந்த மாடி வீட்டில் இன்று யார் இருக்கிறார்களோ தெரியாது. அண்ணையும் மச்சாளும் பின்னர் வேறு நகரத்துக்குப் போனார்கள். மிஸ் வில்மோட் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்து பிறப்பு நாளுக்கு நத்தார் வாழ்த்து அனுப்பினார், தட்டச்சு செய்து. பிறகு ஓர் ஆண்டு வரவில்லை. உப்பு மணக்காத அந்தக் கடலை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோதுமை மாவு இடியப்பத்தின் மணம்தான் முதலில் வருகிறது.

எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் அதுவரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வந்த பத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, தொழிலாளரிடம் கையொப்பமும் பெருவிரல் அடையாளமும் வாங்குவது என் வழக்கமாக இருந்தது. ஊர் திரும்பிய பிறகு, ஒரு பத்திரத்தைத் தமிழில் முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் உரக்க வாசித்துக் காட்டாமல் ஒருவரிடமும் நான் கையொப்பம் வாங்கவில்லை.